அமெரிக்காவிலிருந்து லேப்டாப், ஐபோன் வரவழைக்கிறோம்: கரண்டும் வாரன்டியும் ஒத்துப்போகுமா?

திருப்பூர்_நூல்

அண்ணன் அடுத்த மாசம் நியூஜெர்சியிலிருந்து ஊருக்கு வர்றார். வீட்டில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருக்காங்க. டெல் லேப்டாப் ஒண்ணு (வட்ட பின் வைத்த 65 வாட் சார்ஜரோடு வருவது), புது ஐபோன், எலக்ட்ரிக் டூத்பிரஷ், தங்கச்சிக்கு ஹேர் ஸ்ட்ரெயிட்னர், 30,000 எம்ஏஹெச் பவர்பேங்க். எல்லாத்துக்கும் அமெரிக்கத் தட்டை பிளக்தான் இருக்கும்கிறதால, அங்கேயே ஆறு ஓட்டை வைத்த சர்ஜ் புரொடெக்டர் பலகை ஒண்ணும் வாங்கிட்டா எல்லாத்தையும் அதில் மாட்டிக்கலாம்னு யோசனை.

கேள்விகள்:

அங்கே 120 வோல்ட், இங்கே 230. எதுக்கெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், எத்தனை வாட்டில் வாங்கணும்?

ஐபோனை அங்கே சிம் கம்பெனி கடையில் வாங்கினா ரொம்பக் குறைவா கிடைக்குதாம். வாங்கலாமா?

ரிப்பேர்னா கோவை சர்வீஸ் சென்டரில் வாரன்டியில் எடுப்பாங்களா, இல்ல திரும்ப அமெரிக்காவுக்கே அனுப்பணுமா?

ஃப்யூஸ்_கட்டை

முதல் வேலையாக அந்தச் சர்ஜ் புரொடெக்டர் பலகையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். நீங்கள் கேட்டதிலேயே ஆபத்தான பொருள் அதுதான். வெறும் ஓட்டைப் பெட்டிதானே, அதில் எரிய என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உள்ளே வேரிஸ்டர் என்று மாத்திரை வடிவில் ஒரு பாகம் இருக்கும். லைனில் மின்னழுத்தம் எகிறினால் அதைத் தன் வழியே கடத்திவிடுவது அதன் வேலை. அமெரிக்கப் பலகையில் இருப்பது தொடர்ந்து 130 முதல் 150 வோல்ட் வரை தாங்குகிற ரகம். நம் 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். ஆக, இங்கே சுவிட்சைப் போட்ட நொடியிலிருந்தே அதற்கு ‘சர்ஜ்’தான். சூடாகும், வெடிக்கும், மோசமானால் பிளாஸ்டிக் பற்றிக்கொள்ளும். அதில் எந்தப் பொருளையும் மாட்டாவிட்டாலும் இதே கதிதான்.

மற்றவற்றுக்கு ஒரே சோதனை: அடாப்டர் மேலோ பொருளின் அடியிலோ பொடி எழுத்தில் ‘இன்புட்’ என்று இருக்கும் வரி. கடையின் இணையப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அண்ணனிடம் அந்த எழுத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் தேவையே இல்லை. லேப்டாப், போன், டேப்லெட், கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். இவை உள்ளே வரும் கரண்டை முதலில் டிசியாக்கி (ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக்கி), பிறகு வேண்டிய அளவுக்குக் குறைப்பவை. வந்தது 100 வோல்ட்டா 240-ஆ என்பது அவற்றுக்குப் பொருட்டல்ல. இரவில் லைன் 250-ஐத் தொடும் ஊர்களிலும் கவலை வேண்டாம். 240 என்று எழுதியவை பொதுவாக 264 வோல்ட் வரை தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகின்றன.

இன்புட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் இங்கே நேரடியாக மாட்டக் கூடாது. எலக்ட்ரானிக் பொருளாக இருந்தால் உள்ளிருக்கும் 200 வோல்ட் கெபாசிட்டர் 325 வோல்ட்டைப் பார்த்ததும் வெடிக்கும். சூடேற்றும் பொருளாக இருந்தால் கணக்கு இன்னும் நேரடியானது: 230-ஐ 120-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள், 3.67 வரும். 170 வாட் ஸ்ட்ரெயிட்னர் 620 வாட்டுக்கு மேல் இழுக்கும். சுருளோ உள்ளிருக்கும் தெர்மல் ஃப்யூஸோ, எது முந்துகிறதோ அது போகும்.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியே தீருவதென்றால், பொருளின் வாட்டைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு விஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் திறன் அளவு) உள்ளதாக வாங்குங்கள். 170 வாட்டுக்கு 300 விஏ. அதன் எடை கிலோக் கணக்கில் இருக்கும், ஸ்ட்ரெயிட்னரைவிட அதுதான் மேசையை அடைக்கும். 1,875 வாட் ஹேர் டிரையருக்கெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் பற்றி யோசிப்பதே வீண். கைக்குள் அடங்குகிற, எடையே இல்லாத ‘கன்வெர்ட்டர்’ என்று விற்பார்கள். அது மின்னலையை வெட்டி வெட்டிக் கொடுக்கிற ஜாதி; வெறும் சூட்டுச் சுருளுக்குத்தான் ஆகும். வெப்பநிலையை எண்ணில் காட்டும் ஸ்ட்ரெயிட்னர், டைசன் போன்றவற்றில் மாட்டினால் கண்ட்ரோல் போர்டு காலி. ஸ்ட்ரெயிட்னரை இங்கேயே வாங்குங்கள், இல்லையென்றால் ‘டூயல் வோல்டேஜ்’ என்று பொருளிலேயே அச்சிட்டதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

50/60 ஹெர்ட்ஸ் வேறுபாட்டைப் பற்றி நிறைய பேர் பயமுறுத்துவார்கள். அது உறுத்துவது சுவரிலிருந்து வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தில் நேரடியாகச் சுற்றும் மோட்டாருக்கும் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய கனமான அடாப்டருக்கும்தான். 60-க்குச் செய்த ஏசி கடிகாரம் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். உங்கள் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை.

இனி பிளக். லேப்டாப்புக்குக் கடையில் கிடைக்கும் ‘யுனிவர்சல்’ மாற்றியைப் போடாதீர்கள். சார்ஜர் பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் ஒயர் தனியாகக் கழன்று வரும். அதன் பெட்டிப் பக்க வாயைப் பாருங்கள். மூன்று இதழ் மாதிரி இருந்தால் அது சி5. அதே வாய்க்கு, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, நம்ம ஊர் மூன்று பின் 6 ஆம்பியர் ஒயரைக் கம்ப்யூட்டர் கடையில் கேட்டு வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

மூன்று பின் ஏன் என்றால் எர்த்துக்காக. இரண்டு பின் மாற்றியில் போட்டால் லேப்டாப்பின் உலோக உடம்பில் கை வைக்கும்போது சுள்ளென்று ஒரு கூச்சம் இருக்கும், டெஸ்டரை வைத்தால் எரியும். இரைச்சலை வடிக்க சார்ஜருக்குள் இருக்கும் சின்னக் கெபாசிட்டர் வழியே கசிவது அது. மிகச் சிறிய கரண்ட், ஆளைக் கொல்லாது. ஆனால் ஸ்பீக்கரில் உறுமல் வரும், டச்பேட் தடுமாறும். மூன்று பின் போட்டும் கூச்சம் நிற்கவில்லை என்றால் வீட்டு எர்த்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230-ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது.

கோபுரம்_நாலுகால்

ஐபோன் பத்தி மட்டும் சொல்றேன்.

சிம் கம்பெனி கடையில் குறைவா கிடைக்கிறதுக்குக் காரணம், அது அந்தக் கம்பெனிக்குப் பூட்டின போன். மாசத் தவணை, குறிப்பிட்ட மாசம் அவங்க சிம்மையே ஓட்டணும் மாதிரி நிபந்தனைகளோடதான் வரும். இந்தியாவுக்குக் கொண்டுவந்தா நம்ம சிம் ஏறாது. ‘அன்லாக்ட்’னு விற்கிறதை முழு விலை கொடுத்து வாங்கச் சொல்லுங்க. வாங்கின கையோடு செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய் ‘கேரியர் லாக்’ வரியைப் பார்க்கணும். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’னு இருந்தா பூட்டு இல்லை. வேற என்ன எழுதியிருந்தாலும் அன்னைக்கே திருப்பிக் கொடுத்துடணும்.

ரெண்டாவது, 2022-ல் வந்த ஐபோன் 14-லிருந்து அமெரிக்க மாடலில் சிம் போடுற தட்டே கிடையாது. இ-சிம் (போனுக்குள்ளேயே பதிக்கிற சிம்) மட்டும்தான். ஜியோ, ஏர்டெல், வி மூணும் இ-சிம் கொடுக்கிறாங்க, அதனால் ஓடும். ஆனா நம்ம ஊர் பழக்கத்துக்கு ரெண்டு சங்கடம் இருக்கு. போன் கீழே விழுந்து செத்தா சிம்மைக் கழட்டி பழைய போனில் போட்டுக்க முடியாது. இன்னொண்ணு, சிம்மை மாத்தினதும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்தி வைப்பாங்க, பேங்க் ஓடிபி வராது. பணம் கட்ட வேண்டிய நாளில் மாத்தாதீங்க. மாத்துறதுக்கு இஐடி எண் (இ-சிம்மோட அடையாள எண்) கேட்பாங்க. 32 இலக்கம், அதே அபவுட் பக்கத்தில் இருக்கும், *#06# அடிச்சாலும் காட்டும்.

பெட்டி மேல மாடல் எண்ணைப் பாருங்க. கடைசி எழுத்துகள் எந்த நாட்டுச் சரக்குன்னு சொல்லும்: எல்எல் அமெரிக்கா, எச்என் இந்தியா, ஜே ஜப்பான். முதல் எழுத்தும் முக்கியம். எம் புதுசு, எஃப் கம்பெனியே சரிசெஞ்சு விற்கிறது, என் ரிப்பேருக்குப் பதிலா கொடுத்தது. ‘புத்தம் புதுசு’ன்னு யாராவது விற்கும்போது எஃப்-ல் ஆரம்பிச்சா அங்கேயே பேச்சை முடிச்சுக்கலாம்.

வாரன்டி: மேக் லேப்டாப்பை எந்த நாட்டில் வாங்கினாலும் பொதுவா இங்கே பார்க்கிறாங்க. ஐபோன், ஐபேடுக்கு அப்படி உறுதி கிடையாது. விற்ற நாட்டோடு சர்வீஸை நிறுத்திக்க ஆப்பிளுக்கு உரிமை உண்டுன்னு வாரன்டி விதியிலேயே எழுதியிருக்கு. முழு போனையே மாத்த வேண்டிய கோளாறு வந்தா, தட்டு இல்லாத மாடலுக்கு ஈடா எதைக் கொடுப்பாங்கங்கிறதுதான் சிக்கலான இடம். வாங்குறதுக்கு முன்னாடியே மாடல் எண்ணைச் சொல்லி கோவை சர்வீஸ் சென்டரில் கேட்டுடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

ஆண்ட்ராய்டுன்னா இன்னும் கறார். சாம்சங், பிக்சல் ரெண்டுக்கும் வாங்கின நாட்டில்தான் வாரன்டின்னு வைச்சுக்கிட்டே முடிவெடுங்க. அதுக்கும் மேல பேண்ட் (போன் பிடிக்கிற அலைவரிசை) பார்க்கணும். 4ஜிக்கு 3, 5, 8, 40, 5ஜிக்கு என்78, என்28 இருக்கணும். ஜியோவில் 2ஜி, 3ஜி எதுவுமே இல்லை, பேசுறது முழுக்க வோல்ட்இதான் (4ஜி நெட் வழியாவே பேசுற முறை). பேண்ட் எல்லாம் சரியா இருந்தும் ஜியோ வோல்ட்இ அமைப்பு அந்த மாடலில் இல்லைன்னா நெட் ஓடும், கால் போகாது. வெளிநாட்டு ஆண்ட்ராய்டில் இங்கே வர்ற வழக்கமான புகாரே அதுதான்.

திருப்பூர்_நூல்

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. பலகையை அடிச்சாச்சு. அண்ணன் கடையிலிருந்தே போட்டோ அனுப்பினார். டெல் சார்ஜரில் இன்புட் 100–240 வோல்ட் 1.6 ஆம்பியர், அவுட்புட் 19.5 வோல்ட் 3.34 ஆம்பியர். ஸ்ட்ரெயிட்னரில் 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் மட்டும், அதனால் அதையும் விட்டாச்சு. சார்ஜர் பின்னாடி போயிட்டா இங்கே கடையில் கிடைக்கிற 19.5 வோல்ட் சார்ஜர் எதை வேணும்னாலும் போடலாமா? லேப்டாப் வாரன்டி பத்தியும் யாராவது சொல்லுங்க.

ஸ்க்ரூடிரைவர்_பிலிப்ஸ்

எதை வேண்டுமானாலும் போட முடியாது, டெல்லில் முடியவே முடியாது. அந்த வட்ட முனையின் நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். அது கரண்டுக்கு அல்ல. சார்ஜருக்குள் இருக்கும் சிப், ‘நான் 65 வாட்’ என்று லேப்டாப்பிடம் சொல்லும் வழி. அந்தத் தகவல் வராவிட்டால் ஆன் செய்யும்போதே சார்ஜர் வகை தெரியவில்லை என்று திரையில் எச்சரிக்கை வரும், லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, பிராசசரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மலிவுச் சார்ஜர்களில் சிப் இருக்காது, இருந்தாலும் சீக்கிரம் செத்துவிடும். ஒரிஜினல் சார்ஜரிலேயே அந்த ஊசி வளைந்தால் இதே அறிகுறிதான், போர்டு போய்விட்டது என்று பயந்து செலவு செய்துவிடாதீர்கள். பொதுவாக வேறு கம்பெனிச் சார்ஜர் போடும்போது வோல்ட் அப்படியே ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், முனையின் பிளஸ் மைனஸ் படம் மாறக் கூடாது.

இன்னும் வாங்கவில்லை என்றால் யுஎஸ்பி-சியில் சார்ஜ் ஆகும் மாடலை எடுக்கச் சொல்லுங்கள். அப்போது அமெரிக்கச் சார்ஜர் ஒரு பிரச்சினையே இல்லை; இங்கே 65 வாட் பவர் டெலிவரி சார்ஜர் நம்ம ஊர் பின்னோடு கிடைக்கிறது. ஒயரை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண சி ஒயர் 3 ஆம்பியர்தான், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் என்று எழுதிய, உள்ளே அடையாளச் சிப் வைத்த ஒயர் வேண்டும். நல்ல சார்ஜர் போட்டும் மெதுவாக ஏறுகிறது என்ற புகாரில் பாதி இந்த ஒயர்தான்.

வாரன்டியில் கம்பெனிப் பெயரைவிட மாடல் வரிசை முக்கியம். டெல்லில் ‘ஓனர்ஷிப் டிரான்ஸ்ஃபர்’ என்று இணையத்தில் ஒரு படிவம் உண்டு. அடியில் ஒட்டியிருக்கும் 7 எழுத்துச் சர்வீஸ் டேக், முதலில் வாங்கியவர் பெயர், அங்கே பதிவான நாடு, அஞ்சல் குறியீடு எல்லாம் கேட்கும். அண்ணன் எந்த முகவரியில் வாங்கினாரோ அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் படிவம் நிராகரிக்கப்படும். லேப்டாப் கெட்ட பிறகு இதைத் தொடங்கினால் மாற்றம் முடியும்வரை புகாரைப் பதிய முடியாமல் நிற்பீர்கள். வந்த வாரமே செய்துவிடுங்கள். லெனோவோவில் திங்க்பேட் வரிசைக்குப் பெரும்பாலும் பன்னாட்டு வாரன்டி உண்டு, வீட்டு உபயோக வரிசைகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. சீரியல் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டால் எந்த நாட்டில் எதுவரை என்று காட்டும்.

பன்னாட்டு வாரன்டி இருந்தாலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. இந்தியாவில் விற்காத மாடல் என்றால் பாகம் வெளியிலிருந்து வர வேண்டும், வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அடுத்தது, கடையில் ‘கூடுதலாக இவ்வளவு கட்டினால் உடைந்தாலும் மாற்றித் தருகிறோம்’ என்று ஒரு திட்டத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது அந்தக் கடையின் திட்டம், கம்பெனியுடையது அல்ல, கடல் தாண்டினால் வெறும் காகிதம். ‘ரீஃபர்பிஷ்ட்’ (சரிசெய்த பழைய பொருள்) என்று மூன்றாம் நபர் விற்பதும் அதே கணக்குதான். கெட்ட லேப்டாப்பை அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம். லித்தியம் பேட்டரியோடு கூரியர் எடுக்கவே யோசிப்பார்கள், சரிசெய்து திரும்பி வரும்போது சுங்கத்தில் ‘இது என் பழைய லேப்டாப்தான்’ என்று ஆவணம் காட்ட வேண்டும்.

ஆகவே உண்மையான வாரன்டி, அண்ணன் விமானம் ஏறுவதற்கு முந்தைய இரண்டு வாரம்தான். ஆப்பிள் கடையில் 14 நாள், பெஸ்ட் பையில் பொதுவாக 15 நாள் திருப்பிக் கொடுக்கலாம். பெட்டியைப் பிரிக்காமல் ‘புதுசாகவே கொண்டுபோகிறேன்’ என்று எடுத்து வருவதுதான் பெரிய தவறு. வாங்கிய அன்றே பிரித்து, திரையை முழு வெள்ளையிலும் முழுக் கறுப்பிலும் வைத்துப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா விசைகளையும் தட்டி, எல்லா போர்ட்டிலும் ஏதாவது செருகி, பேட்டரியை ஒருமுறை 100-லிருந்து 10 வரை இறக்கி ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பில்லின் பிடிஎஃப் தனியாக மின்னஞ்சலில் இருக்கட்டும். கடைக் காகித பில் சில மாதத்தில் வெளிறிவிடும்.

வடலி

குறுக்கே ஒரு சின்னக் குறிப்பு, யாழ்ப்பாணத்திலிருந்து. லண்டனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பொருள் எடுப்பிக்கிற ஆக்களுக்கு இந்த வோல்ட் தலையிடி இல்லை, அங்கேயும் 230, 50 ஹெர்ட்ஸ்தான். சதுரப் பின் பிளக்கும் எங்கட புது வீடுகளில் நேரே போகும். அந்தப் பிளக்குக்குள்ளே ஃப்யூஸ் இருக்கு, வெட்டி எறிஞ்சுபோட்டு வேற பிளக் பூட்டாதீங்கோ. கீபோர்டைப் பார்த்து வாங்குங்கோ: பிரித்தானிய லேப்டாப்பில் என்டர் விசையும் மேற்கோள் குறியும் வேற இடத்தில் இருக்கும். ஜப்பானிலிருந்து சோனி கமெரா எடுப்பிக்கிறது மலிவு எண்டு சொல்லுவினம். உள்நாட்டு மாடல் பலதிலும் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் வரும், மாத்த ஏலாது.

ட்ராலி_பேக்

பவர்பேங்கை யாரும் தொடவில்லையே. 30,000 எம்ஏஹெச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 111 வாட்-அவர். விமானத்தில் கொண்டுவர 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 26,800 எம்ஏஹெச் என்றால் 99 வாட்-அவர், அதனால்தான் கடையில் அந்த வினோதமான எண் தென்படுகிறது. எதுவானாலும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போட்டால் எடுத்து வீசிவிடுவார்கள். அளவு அச்சிடாத பவர்பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் விடுவதில்லை.

சுங்கம்: 18 வயது நிரம்பிய பயணி ஒவ்வொருவரும் ஒரு லேப்டாப் வரியில்லாமல் கொண்டுவரலாம், அது தனிக் கணக்கு. ஐபோன் அதில் சேராது, பொதுச் சலுகைத் தொகையில்தான் கழியும். 2016 விதிகளில் அது 50,000 ரூபாயாக வைக்கப்பட்டது. தொகை அவ்வப்போது மாற்றப்படுவது, ஆகவே டிக்கெட் போடும்போது சுங்கத் துறைத் தளத்தில் நடப்பு எண்ணைப் பாருங்கள். இரண்டு பேர் சலுகையை ஒரு பொருளுக்குச் சேர்த்துக் காட்ட முடியாது. மனைவி பங்கையும் சேர்த்து ஒரு லட்ச ரூபாய் போன் என்ற கணக்கு செல்லாது. சலுகையைத் தாண்டினால் விமான நிலையச் சுங்கத்தில் வரி கட்டுபவர்களுக்கான சிவப்பு வழியில் போய் பில்லைக் காட்டிக் கட்டிவிடுவது மலிவு. பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனை மட்டும் சட்டைப்பையில் வைத்து வந்தால் மறைத்ததாகிவிடாது என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

கூடவே, யாராவது ட்ரோன் கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து ஆய்வு, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்குத் தவிர இறக்குமதியே தடை. மலையேறுபவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் மெசேஜ் கருவியும் அப்படித்தான், முன் அனுமதி இல்லாமல் வைத்திருந்து விமான நிலையத்திலேயே கைதான வெளிநாட்டுப் பயணிகள் உண்டு.

திருப்பூர்_நூல்

பவர்பேங்கை 20,000-ஆகக் குறைச்சாச்சு. கடைசியா ஒண்ணு: டூத்பிரஷ் சார்ஜ் ஸ்டாண்டின் அடியில் 110–130 வோல்ட்னு இருக்கு. பிரஷ்ஷோட பேட்டரிக்கும் இது பொருந்துமா, இல்ல ஸ்டாண்டுக்கு மட்டுமா?

ஃப்யூஸ்_கட்டை

ஸ்டாண்டுக்கு மட்டும். பிரஷ்ஷுக்குள் ஒயர் தொடர்பே கிடையாது, ஸ்டாண்டின் சுருளிலிருந்து காந்தப் புலம் வழியாகத்தான் ஏறுகிறது. பிரஷ்ஷை மட்டும் எடுத்து வரச் சொல்லி, அதே கம்பெனியின் அதே வகை ஸ்டாண்டை 220–240 வோல்ட்டில் இங்கே வாங்குங்கள். நடுக்குமிழின் வடிவம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்க ஸ்டாண்டைப் பெட்டியில் போட்டு அனுப்பவே வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். வீட்டில் இருந்தால் என்றாவது ஒரு நாள் யாராவது மாற்றியில் செருகிவிடுவார்கள்.